விலை ஏறினாலும் விற்க மணி வேண்டுமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பொய்த்ததால் தானிய விலை ஏறும், விளைச்சல் குறைந்தாலும் அந்த விலையில் விவசாயிக்குச் சரிக்கட்டிவிடும் என்ற பொருளில் உங்கள் பத்திரிகையில் ஒரு செய்தி படித்தேன். மக்காச்சோளமும் சோளமும் மாற்றி மாற்றிப் போடுகிறவன் நான். அந்த வரியைப் படித்த பிறகு மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வயல் காய்வதால் சந்தையில் விலை ஏறாது. பெரிய அளவில் விளைவிக்கும் நாடுகளில் மழை எப்படி, கிடங்குகளில் இருப்பு எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் விலை நகர்கிறது. இங்கே காய்ந்து அங்கே நன்றாக விளைந்தால் எனக்கு மூட்டையும் இல்லை, விலையும் இல்லை.

உலகமே பார்க்கும்படி விலை ஏறிய ஆண்டு 2012. அமெரிக்காவில் அந்த ஆண்டு ஏக்கருக்கு 166 புஷல் மக்காச்சோளம் எதிர்பார்த்தார்கள். கோடை வறட்சியில் 123 புஷல்தான் கிடைத்தது. ஒரு புஷல் என்பது சுமார் 25 கிலோ. ஆகஸ்டில் சிகாகோ சந்தையில் புஷல் 8 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு அமோக விளைச்சல், 2013 கடைசியில் விலை 4 டாலர் சொச்சத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஏறும் என்று கிடங்கில் பூட்டி வைத்தவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்பேரம் பேசியவர்களுக்கு வேறு வகைச் சிக்கல். நூறு மூட்டை தருவதாகக் கையெழுத்துப் போட்டவனுக்கு அறுபதுதான் விளைந்தால், மீதி நாற்பதை ஏறிய விலைக்கு வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். விலை ஏற ஏற அவனுக்கு நட்டம் கூடும். அதனால் நான் எந்த ஆண்டும் எதிர்பார்க்கும் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்கூட்டிப் பேசுவதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். காய்கிற பயிரை வைத்துக்கொண்டு நாங்கள் எடுக்க வேண்டிய முடிவு விலைப் பட்டியலில் இல்லை, கதிரில் இருக்கிறது. மக்காச்சோளத்தில் கதிர் நுனியில் வெளிவரும் பட்டு இழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கானது. தண்ணீர் பற்றாக்குறையானால் அந்த இழைகள் வெளிவரத் தாமதமாகும். ஆனால் உச்சியில் இருக்கும் ஆண் பூ தாமதிக்காமல் மகரந்தத்தைக் கொட்டிவிடும். இழை வரும்போது தூள் இருக்காது. அப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மணி வரப்போவதில்லை. செடி பச்சையாக நிற்பதைப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் நிறைய.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. பூத்து முடிந்து சில நாள் கழித்து, வயலில் பல இடங்களிலிருந்து கதிர்களை ஒடித்து வந்து, இழை அறுந்துவிடாமல் மட்டையை மெதுவாக உரித்து, கதிரைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். சூல் பிடித்த இடத்தில் இழை உதிர்ந்துவிடும், பிடிக்காத இடத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் தானியத்துக்காகக் காத்திருப்பதா, தீவனத்துக்கு அறுத்துவிடுவதா என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பிக்கலாம். எனக்கு இது தெரியாமல் ஒரு வருடம் அறுவடை வரை காத்திருந்தேன். கதிரெல்லாம் பொக்கை, தட்டையும் காய்ந்து மாடு தொடாத நிலைக்கு வந்துவிட்டது.

தீவனத்துக்கு அறுப்பதிலும் ஆபத்து உண்டு, இதைப் பத்திரிகைகள் எழுதினால் எத்தனையோ மாடுகள் பிழைக்கும். வறட்சியில் வாடிய மக்காச்சோளத்தின் அடித்தண்டில் நைட்ரேட் என்ற உப்பு சேரும், அது அளவுக்கு மிஞ்சினால் மாட்டுக்கு நஞ்சு. ஒரு மழை பெய்ததும் செடி தெளிந்துவிட்டது என்று உடனே அறுத்துப் போடுவார்கள், அந்தச் சில நாட்களில்தான் அது இன்னும் கூடியிருக்கும். தரையிலிருந்து ஓர் அடி விட்டு அறுப்பது நல்லது. காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப் புல்லாகப் போட்டு மூன்று நான்கு வாரம் புளிக்க வைத்தால் நைட்ரேட் கணிசமாகக் குறையும், வெயிலில் காயவைத்தால் குறையாது. சோளத்தில் வேறு கதை. இளம் பயிரிலும், மழைக்குப் பின் துளிர்க்கும் பக்கத் தூர்களிலும் சயனைடு நஞ்சு இருக்கும், அது நன்றாகக் காயவைத்தால் குறைந்துவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாட்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் தீவனத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போடுவதே சரி.

மணி பிடித்து வந்தாலும் விலை முழுசாகக் கைக்கு வராது. வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் கதிரில் ஒரு பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அமெரிக்காவில் மனித உணவுக்கான தானியத்தில் இது நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. செர்பியாவில் 2012 வறட்சியில் விளைந்த மக்காச்சோளத்தைத் தின்ற மாடுகள் மூலமாக இந்த நஞ்சு 2013-இல் பாலிலும் தெரியவந்தது. ஆகவே சுருங்கிய மணியைப் பார்த்ததும் வியாபாரி விலையைக் குறைப்பதில் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் குறைப்பு எவ்வளவு, எதை அளந்து என்பதை விவசாயி முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. சில திட்டங்களில் வட்டாரச் சராசரி விளைச்சலை வைத்துத்தான் இழப்பைக் கணக்கிடுகிறார்கள். மேகம் ஒரு வயலை நனைத்துவிட்டு அடுத்த வயலைத் தாண்டிப் போவதை நாங்கள் வருடாவருடம் பார்க்கிறோம். சராசரி நன்றாக இருந்தால் காய்ந்தவனுக்கு ஒன்றும் வராது.

தினமும் தானிய விலை போடுகிறீர்கள், நன்றி. அதன் பக்கத்தில் அந்த விலை எத்தனை சதவீத ஈரப்பதத்துக்கு, எந்தத் தரத்துக்கு என்று ஒரு வரி சேருங்கள். கிடங்கு இருப்பு விவரம் வெளியாகும்போது அதையும் எங்களுக்குப் புரிகிற மாதிரி போடுங்கள். பயிர் பூக்கும் வாரங்களில், வறட்சி செய்தியோடு கதிரை உதறிப் பார்க்கும் முறையையும் தீவன எச்சரிக்கையையும் முதல் பக்கத்திலேயே வெளியிடுங்கள். எங்கள் பயிர் இந்த வாரம் பூக்கிறது.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி ஒருவர்