பினாங்கில் இறங்கும் நாளுக்கான ஏற்பாடு

மக்களே, பினாங்கு நாளைப் பற்றி ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நம் சுற்றுலாக் கப்பல் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கரையோடு ஒட்டி நிற்கும், இறங்கினால் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன்தான், அதனால் சுற்றுலாப் பேருந்துக்குக் கப்பலில் காசு கட்ட வேண்டாம்.

முதலில் கொடிமலை, அதாவது பினாங்கு ஹில். வெயில் ஏறினால் மேலே போகும் ரயிலுக்கு வரிசை நீண்டுவிடும், அதனால் இறங்கியதும் கிராப் என்ற வாடகைக் கார் ஆப்பில் ஆறு பேர் வண்டியாகப் போட்டு, மலை ரயில் கிளம்பும் ஆயர் ஈத்தாம் போய்விடலாம், வண்டிக்கு ஒருவர் ஆப்பை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 204ஆம் எண் பேருந்தும் போகும், ஆனால் ஊரெல்லாம் சுற்றும், நமக்கு நேரம் பத்தாது. உச்சியில் முருகன் கோவில் இருக்கிறது, காற்றும் நன்றாக இருக்கும். கெக் லோக் சி என்ற சீன புத்தர் கோவில் கீழே ஆயர் ஈத்தாமில்தான், ஆனால் படி நிறைய, முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மதியம் ஜார்ஜ் டவுன் திரும்பி, அங்கே தமிழர் கடைத்தெருவான லிட்டில் இந்தியா. குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவில் 1833இல் கட்டியது, மதியம் நடை சாத்தியிருக்கலாம், கோபுரத்தையாவது பார்ப்போம். சாப்பாடு நாசி கண்டார், அதாவது சோற்றோடு பலவகைக் கறிக்குழம்பு, குழம்பெல்லாம் கலந்து ஊற்றச் சொன்னால்தான் ருசி. சைவக்காரர்களுக்கு வாழையிலைச் சாப்பாடு அங்கேயே கிடைக்கும். அங்கிருந்து கப்பலுக்கு நடந்தே வந்துவிடலாம்.

மலேசியப் பணம் ரிங்கிட் கொஞ்சம் கையில் வையுங்கள். கப்பல் அட்டை, பாஸ்போர்ட் இரண்டும் அவரவர் பொறுப்பு. கப்பல் கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்னால் எல்லாரும் துறைமுக வாசலில், ஷாப்பிங் முடியவில்லை என்று யாரும் போன் போடக்கூடாது. வருகிறவர்கள் இன்று இரவுக்குள் பெயர் போடுங்கள், வண்டி கணக்குப் பார்க்க வேண்டும்.