வீட்டுக் காற்றாடிக்குக் கிலோவாட் கணக்கு மட்டும் போதாது: தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

தென்காசி வட்டாரத்தில் கூரையில் சூரியத் தகடு பொருத்திய வீடுகளில், கூடவே மின்சாரம் தயாரிக்கும் ஒரு சிறிய காற்றாடியும் வைக்கலாமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. சாரல் மாதங்களில் மேகம் மூடித் தகட்டின் உற்பத்தி இறங்கும்போது, அதே மேகத்தைத் தள்ளிக்கொண்டு செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றை ஏன் வீணாக விட வேண்டும் என்று மக்கள் கேட்பது நியாயமே. ஆனால் இந்தத் துணை ஆனி, ஆடி, ஆவணிக்குத்தான் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்கும் நாட்களில் இந்த வேகத்தில் காற்றும் இராது. விற்பவர்கள் என்னவோ ஆடியில்தான் வருகிறார்கள்.

அவர்கள் தரும் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது ‘1 கிலோவாட்’ என்பது மட்டுமே. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறுவதால், 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு நல்ல காற்றாடி நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 1 கிலோவாட் கொடுத்தாலும், 5 மீட்டர் வேகத்தில் சுமார் 70 வாட்தான் கொடுக்கும். பழைய மின்விசிறி ஒன்றை ஓட்டவே அது சரியாக இருக்கும். இதே விட்டத்துக்கு 3 கிலோவாட் என்று யாரேனும் அச்சிட்டால், அது நடக்காத காரியம். 12 மீட்டர் வேகத்தில் அந்த வட்டத்தைக் கடக்கும் காற்றின் மொத்த ஆற்றலே 3.25 கிலோவாட் அளவுதான், அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்பது ஜெர்மானிய இயற்பியலாளர் பெட்ஸ் வகுத்த வரம்பு. இது தங்களுக்குப் பாலபாடம், வாங்குபவருக்கு அப்படியல்ல.

ஆகவே, சிறிய காற்றாடி ஒவ்வொன்றின் விவரத் தாளிலும் இறக்கை வட்டத்தின் விட்டத்தையும், சராசரி வேகம் 3, 4, 5 மீட்டராக இருக்கும் இடங்களில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதையும் அச்சிடுவதைக் கட்டாயமாக்குமாறு ஒன்றிய அமைச்சகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அந்த எண்கள் கயத்தாறில் உள்ள தங்கள் சோதனை நிலையம் போன்ற இடத்தில் அளக்கப்பட்டவையாக இருக்க வேண்டும்.

காற்று வரைபடமும் எங்கள் உயரத்துக்கு இறங்கி வர வேண்டும். 50 மீட்டர் தொடங்கி 150 மீட்டர் வரையிலான உயரங்களுக்குத் தாங்கள் வெளியிட்டுள்ளவை பெரிய காற்றாலைகளுக்கு உதவும்; முப்பந்தலில் சுழலும் இறக்கைகளைப் பார்த்துவிட்டு மொட்டைமாடியில் கம்பம் நடும் வீட்டுக்காரருக்கு வேண்டியது 10 முதல் 30 மீட்டர் வரையிலான, மாதவாரியான அளவு. சுற்றுவட்டத்தில் 100 மீட்டருக்குள் உள்ள எதையும்விட இறக்கையின் அடிமுனை 9 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்ற பொது விதியின்படி, 15 மீட்டர் தென்னைகள் நிற்கும் ஊரில் கோபுரமே 25 மீட்டர் வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் போல்ட்டு போட்டு முடுக்கினால் கிடைப்பது சுழல்காற்றும், சுவர் வழியே படுக்கையறைக்குள் இறங்கும் அதிர்வும்தான்.

மற்றொன்று பாதுகாப்பு பற்றியது. தெருவில் மின்சாரம் போனதும் மின்வாரியக் கம்பியோடு இணைந்த, பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர் நின்றுவிடும். தகடு அப்போது சும்மா இருக்கும், காற்றாடியோ சுமை இழந்து கட்டுக்கடங்காமல் சுழலும். அதனால் மிகை மின்சாரத்தை வெப்பமாக்கும் டம்ப் லோடும் தனித்த பிரேக்கும் இல்லாத காற்றாடியைச் சூரிய இன்வெர்ட்டரோடு இணைத்துத் தருவதாகச் சொல்லி விற்பது தடுக்கப்பட வேண்டும்.

இவை கைக்கு வரும்வரை, இன்னும் இரண்டு தகடும் ஒரு பேட்டரியும் வாங்குங்கள் என்றே கேட்பவர்களிடம் சொல்லி வருகிறேன். அடுத்த வைகாசியில் காற்று தொடங்குமுன், தென்காசி, கன்னியாகுமரி, பொள்ளாச்சி வட்டாரங்களுக்கான தாழ் உயர அளவுகளையாவது தமிழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்காசி மாவட்ட மின்நுகர்வோர் ஒருவர்