உன் தம்பி எடுத்த முடிவு

அன்பு மகளுக்கு,

தம்பிக்குச் செய்யவிருக்கும் அறுவைக்கு நான் எப்படிச் சம்மதித்தேன் என்று கேட்டிருந்தாய். அம்மா, சம்மதித்தது நானல்ல, அவன். மனநல மருத்துவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகவே பேசினார். அதன் பிறகும் அவன் சொல் மாறவில்லை.

விபத்துக்குப் பின் உணர்வற்றுப்போன இடுப்பில் வந்த படுக்கைப்புண், சதையைத் தின்று எலும்புக்குள் இறங்கிவிட்டது. செத்த எலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. எனவே எத்தனை வீரியமான மருந்தை இரத்தக் குழாய் வழியே ஏற்றினாலும் அது கிருமி இருக்கும் இடத்தைப் போய்ச் சேர்வதில்லை. சுரண்டி எடுத்தார்கள், சதை வைத்து மூடினார்கள், மறுபடியும் சீழ் வைத்தது. இப்போது அந்தப் பழைய புண்ணிலேயே புற்றுநோயும் தோன்றியிருப்பதைச் சதைப் பரிசோதனை காட்டிவிட்டது. இதற்கு மேல் வேறு வழி இல்லாததால்தான் ஹெமிகார்போரெக்டமி, அதாவது கீழ் முதுகெலும்பில் வெட்டி, இடுப்பெலும்பையும் இரு கால்களையும் முழுவதுமாக நீக்கும் அறுவை.

படித்தபோது எனக்கும் நெஞ்சு நடுங்கியது. 1960இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இதை முதன்முதலில் செய்துகொண்டவர் இரண்டு வாரம்கூடப் பிழைத்திருக்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. உடலின் இரத்தக் குழாய்களில் ஒரு பெரிய பகுதி நீங்கிவிடுவதால், ஏற்றும் திரவத்தை அளந்து அளந்து கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் அனுபவத்தில்தான் கற்றார்கள். ஆனால் மறு ஆண்டே மினசோட்டாவில் ஆஸ்ட், அப்சலான் என்னும் மருத்துவர்கள் அறுவை செய்தவர் ஏறத்தாழ 19 ஆண்டுகள் வாழ்ந்தார். டல்லாஸில் 25 ஆண்டுகளில் இவ்வறுவை செய்துகொண்ட 9 பேரில் ஒருவர்கூட முதல் 30 நாளில் இறக்கவில்லை என்று அங்குள்ள மருத்துவர்கள் 2009இல் எழுதியிருக்கிறார்கள்.

மலமும் சிறுநீரும் வயிற்றின் வழியே பைகளில் சேர்வதற்கான முதற்கட்ட அறுவை முடிந்துவிட்டது. அந்தப் பைகளைத் தானே மாற்றப் பழகிவிட்டான். ஓரத்தை விரலால் சுற்றி அழுத்திக் கசிவு இல்லையென்று பார்த்த பிறகுதான் சட்டையை இறக்குகிறான். அடுத்த கட்டத்தில், நீக்கப்படும் காலின் முன்தொடைச் சதையை இரத்தக் குழாயோடு காப்பாற்றி, அதைக்கொண்டே அடிப்புறத்தை மூடுவார்கள். காயம் ஆறியபின் உடலைத் தாங்க வாளி போன்ற ஒரு செயற்கைக் கூடு செய்து தருவார்கள். அதில் நிமிர்ந்து உட்காரவும், கைகளை ஊன்றி நகரவும் முடியும்.

காய்ச்சலும் நாற்றமும் இல்லாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே அவன் கேட்பது. அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை, உனக்கும் இல்லை. ஊட்டம் தேறியதும் தேதி குறிப்பார்கள். அதற்குள் அவனோடு பேசு, அழ வேண்டுமானால் அழு. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா