எங்கள் விரைவுச் சோதனை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் நுண்ணுயிர் விரைவுச் சோதனை கழிவுநீரின் பி.ஓ.டி.யை, அதாவது அதிலுள்ள கரிம அழுக்கைத் தின்ன கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவை, குறைத்துக் காட்டுகிறது என்று ஒரு பேச்சு சுற்றி வருகிறது. உங்களில் பலர் போனிலேயே நேராகக் கேட்டுவிட்டீர்கள். அதற்கு நன்றி. கேட்காதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

ஒரு ஆலையிலிருந்து ஒரே கேனில் வந்த கழிவுநீர். எங்கள் கருவியில் லிட்டருக்கு 180 மில்லிகிராம். வேறொரு பரிசோதனைக் கூடத்தின் வழக்கமான ஐந்து நாள் சோதனையில் 310. உடனே, நாங்கள் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுக் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

அந்த நீரில் ஸ்டார்ச் அதிகம். எங்கள் கருவியில், ஆக்சிஜன் அளவை மின்னோட்டமாகக் காட்டும் மின்முனைமேல் மெல்லிய சவ்வு, அதில் உயிருள்ள ஈஸ்ட். கழிவுநீர் பட்டதும் ஈஸ்ட் அதிலுள்ள கரிமப் பொருளைத் தின்னும், ஆக்சிஜனை இழுக்கும், மின்னோட்டம் இறங்கும். அரை மணிக்குள் எண் கிடைத்துவிடும். ஆனால் அதற்குள் கணக்கில் வருவது சர்க்கரை, அமினோ அமிலம் போலக் கரைந்து உடனே உள்ளே போகிறவைதான். ஸ்டார்ச்சும் மிதக்கும் துகள்களும் வராது. 20 டிகிரியில், இருட்டில், ஐந்து நாள் இருக்கும் பாட்டிலில் கிருமிகள் அவற்றையும் உடைத்துத் தின்றுவிடும். இரண்டு எண்ணும் சரிதான். இதற்காகத்தான் ஒவ்வொரு ஆலை நீரையும் முதலில் இரண்டு விதமாகவும் அளந்து ஒப்பீடு வைத்துக்கொள்கிறோம். அந்த ஆலையில் மூலப்பொருள் மாறியதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை; அதனால் பழைய ஒப்பீடு பொருந்தாமல் போனது.

இது நேற்று வந்த முறையும் அல்ல. ஜப்பானில் 1977-இல் ஆய்வாளர் இசாவோ கருபே குழுவினர் செய்து காட்டியது. 1990-இல் அங்கே தேசியத் தரமுறையாகவே ஆனது. தினமும் காலையில் பி.ஓ.டி. அளவு தெரிந்த குளுக்கோஸ், குளூட்டாமிக் அமிலக் கரைசலைக் கொடுத்து, ஈஸ்ட் சரியாகப் பதில் சொன்ன பிறகுதான் உங்கள் சாம்பிளைத் தொடுகிறோம். குளோரின் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம். இருந்தால் ஈஸ்ட் செத்து, அழுக்கு நீரும் சுத்தமாகத் தெரியும்.

கிருமிகளை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் உங்கள் காற்றூட்டும் தொட்டிக்குள் திடீரென்று அதிக அழுக்குச் சுமை வந்தால் ஐந்து நாள் கழித்துத் தெரிந்து பயனில்லை. அதற்குள் தொட்டியிலுள்ள கிருமிகள் திணறிப்போகும். அன்றன்றைக்கு முடிவெடுக்கத்தான் விரைவுச் சோதனை. அரசுக்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டுக்கு வழக்கமான ஐந்து நாள் சோதனையே.

பேச்சு கிளம்பிய பிறகும் வழக்கம்போல் கேன்களை அனுப்பியவர்களை மறக்க மாட்டோம். உங்கள் நம்பிக்கையில்தான் இந்தக் கூடம் நடக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: மூலப்பொருளோ சாயமோ கழுவும் ரசாயனமோ மாறினால், கேன்மேல் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உரிமையாளர், பரிசோதனைக் கூடம்