மதமா, பெத்தவங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்தியோட வளர்த்தா பிள்ளைங்க தப்பு பண்ணாதுன்னு ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, அதுக்கு பதில் எழுதினவரு மதம்தான் பிள்ளைங்கள சுயநலமா ஆக்குதுன்னு 2015ல வந்த ஆராய்ச்சிய காட்டியிருந்தாரு. ரெண்டு பேரும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க.

அந்த 2015 ஆராய்ச்சிய எழுதினவங்களே 2019ல வாபஸ் வாங்கிட்டாங்க சார். ஆறு நாட்டுல 5 வயசுலருந்து 12 வயசு வரைக்கும் சுமார் 1,170 பிள்ளைங்ககிட்ட ஸ்டிக்கர் குடுத்து, முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எத்தன விட்டுக்குடுக்குதுன்னு பாத்தாங்க, மதப்பற்று உள்ள வீட்டுப் பிள்ளைங்க கம்மியா குடுத்துச்சுன்னு முடிவு சொன்னாங்க, உலகம் பூரா செய்தியாச்சு. ஆனா கம்ப்யூட்டர்ல கணக்கு போடும்போது நாட்டுக்கு அடையாளமா வெச்ச 1, 2, 3ங்கிற நம்பர ஏதோ அளவுன்னு எடுத்துக்கிட்டாங்க. சரியா போட்டுப் பாத்தா அந்த வித்தியாசத்துல பெரும்பங்கு நாட்டுக்கு நாடு இருக்கிறது, மதத்தால இல்ல. செய்தி பரவுன அளவுக்கு வாபஸ் பரவல, வழக்கம்போல.

அதுக்காக முதல் வாசகர் சொன்னதும் சரியாயிடாது. 1920கள்லயே அமெரிக்காவுல ஹார்ட்ஷோர்ன், மே அப்படிங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஆயிரக்கணக்கான பிள்ளைங்கள டெஸ்ட்ல காப்பி அடிக்குதான்னு நைசா சோதிச்சாங்க, ஞாயித்துக்கிழமை மத வகுப்புக்குப் போறதால பெருசா நேர்மை வந்துடல. சாமி கண்ணக் குத்தும்னு பயமுறுத்துறதுல இருக்கிற சிக்கலே இதுதான், ரெண்டு பொய் சொல்லியும் கண்ணு நல்லாத்தான இருக்குன்னு பிள்ளை கண்டுபிடிச்சுடும், அப்புறம் உங்க பேச்சுக்கும் மதிப்பு போயிடும்.

எனக்கு முக்கியமாப் படறது 2008ல பார்ட்கோவ்ஸ்கிங்கிற ஆராய்ச்சியாளரோட குழு அமெரிக்காவுல சின்னப் பிள்ளைங்கள வெச்சு எழுதினது. அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒத்துப்போய் அடிக்கடி வழிபாட்டுக்குப் போற வீட்டுல பிள்ளைங்க நடத்தை நல்லா இருந்துச்சு, மதத்த வெச்சே அடிக்கடி வாக்குவாதம் நடக்குற வீட்டுல மோசமா இருந்துச்சு. அதே மதம்தான், ஒரு வீட்டுல கைகொடுக்குது, இன்னொரு வீட்டுல கழுத்த நெரிக்குது! (ரொம்ப சேட்டை பண்ற பிள்ளைய கூட்டிட்டுப் போக முடியாமலே சில குடும்பம் வழிபாட்டுக்குப் போறத விட்டிருக்கலாம், அதையும் யோசிக்கணும்.) அதனால கலப்பு மணம் பண்ணவங்களும், தாத்தா பாட்டிக்கும் பெத்தவங்களுக்கும் நம்பிக்கையில ஒத்துவராத வீட்டுக்காரங்களும் எந்த வழியில வளர்க்கிறதுங்கிற பேச்ச பிள்ளை தூங்கினப்புறம் பேசி முடிங்க, பிள்ளை முன்னாடி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி