பத்து பத்தாக எண்ணச் சொல்லிக்கொடுத்த தம்பிக்கும், எங்கள் தெருவுக்கும்

உறையூரில் எங்கள் தெரு மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் ஆட்டோ நின்றபோதே பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள், மீதிப் பேருக்கு இதுதான் செய்தி. மெதுவாக நடக்கிறார். ரசம் சாதம் கேட்டார், உப்பு குறைத்துப் போட்டதற்குக் கோபித்துக்கொண்டார், அந்தக் கோபத்தைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. இதயம் நின்று அவர் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என்ன நடந்தது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. தெருவே பார்த்தது, பார்க்காதவர்களுக்கும் இதற்குள் நாலு பேர் சொல்லியிருப்பார்கள், எனக்கு அதைத் திரும்ப எழுத இன்னும் கை வரவில்லை. நன்றியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்காகத்தான் அவர் தூங்கினதும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மாறி மாறி அவர் நெஞ்சை அமுக்கிய மூன்று பேர், எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண், இஸ்திரி வண்டி அண்ணன், மாடிவீட்டு சார், உங்கள் கையை என் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். 108 வண்டி சந்து தெரியாமல் சுற்றக்கூடாது என்று முனையில் போய் நின்றவர்கள், குறுக்கே நின்ற பைக்குகளைத் தூக்கி ஓரம் வைத்த பையன்கள், என் வீட்டு அடுப்பை அணைத்துக் கதவைப் பூட்டிச் சாவியை பத்திரமாக வைத்திருந்தவர், ஆஸ்பத்திரிக்கு மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய வீடுகள், ஐ.சி.யூ. வாசலில் என்னோடு பாய் போட்டுப் படுத்த இரண்டு பேர், வண்டியில் ஷாக் கொடுத்து அவரைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள், அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்த டாக்டர்கள், ராத்திரி முழுக்கக் கண் மூடாத நர்ஸ் பெண்கள், எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே வருவேன்.

எதிர்வீட்டுக் கண்ணுக்கு மட்டும் தனியாக ஒன்று. அவருக்கு ஒரு விலா எலும்பு முறிந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நீ அழுதாய் என்று உன் அம்மா சொன்னாள். அழாதே. சரியான ஆழத்துக்கு அமுக்கினால் சில சமயம் அப்படி ஆகும் என்று டாக்டரே சொன்னார். எலும்பு கூடிவிடும். அவர் இருமும்போது வலிக்கிறது, வலிக்கும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னும் ஒருவருக்காக. அன்று காலை அவர் இங்கே இல்லை, நடந்தது அவருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. போன அக்டோபரில் நம் நலச்சங்கக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சி.பி.ஆர். வகுப்பு, அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கிக் காப்பாற்றும் வகுப்பு நடந்ததே, மயக்க மருந்து டாக்டர் அம்மாவோடு வந்த தம்பி, 108 வண்டியில் முதலுதவி செய்கிற இ.எம்.டி., அவருக்காகத்தான். அக்டோபர் 16 நின்ற இதயத்தை மறுபடி ஓடவைப்பதற்கான உலக நாள், அதையொட்டி ஏற்பாடு செய்தது என்று சங்கச் செயலாளர் சொன்னது ஞாபகம். உண்மையைச் சொன்னால் நான் டீ, பிஸ்கட் ஏற்பாட்டைப் பார்க்கத்தான் போனேன்.

டாக்டர் அம்மா நன்றாகச் சொன்னார். ஹார்ட் அட்டாக் வேறு, இதயம் நின்றுபோவது வேறு. முதலாவது குழாயில் அடைப்பு மாதிரி, ஆள் வலியோடு பேசிக்கொண்டிருப்பார். இரண்டாவது மோட்டாரே நின்றுபோகிற மாதிரி, ஆள் விழுந்துவிடுவார், தட்டினாலும் எழமாட்டார். முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம், அதனால் நெஞ்சு பிசைந்தால் வாயு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்காமல் உடனே போங்கள் என்றார். தமிழ்நாடு அரசு 2023-இல் ஆரம்பித்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வாயில் வாய் வைத்து ஊத வேண்டுமா என்று எல்லோரும் தயங்கியபோது, மயக்கவியல் டாக்டர்கள் நம் நாட்டுப் பொதுமக்களுக்காக வகுத்திருக்கும் முறையில் ஊதுவதே கிடையாது, அமுக்கினால் போதும் என்றார். அப்புறம் இரண்டு பொம்மைகளைத் தரையில் கிடத்தி எல்லோரையும் மண்டி போடச் சொன்னார்கள்.

அங்கேதான் நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். என் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. கீழே உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும், நமக்கு எதற்கு என்று படியிறங்கும்போது அந்தத் தம்பி டீயைக் கையில் வைத்துக்கொண்டே வந்து, "அம்மா, கிளம்பிட்டீங்களா?" என்றார். முட்டியைச் சொன்னேன். சரிம்மா, பார்த்துப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம், யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் டீயை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய்ப் பொம்மையின் தலைமாட்டில் போட்டு, உட்காருங்கள் என்றார்.

"அமுக்கறதுக்கு ஆள் கிடைச்சிடுவாங்கம்மா. நாங்க போற வீட்டிலெல்லாம் பத்துப் பேர் நிப்பாங்க. ஒருத்தர் தண்ணி தெளிப்பாரு, ஒருத்தர் சோடா வாங்க ஓடுவாரு, ஒருத்தர் உள்ளங்காலைத் தேய்ப்பாரு. என்ன செய்யணும்னு சொல்றதுக்குத்தான் ஆள் இருக்காது. நீங்க சொல்லுங்க."

அரைமணி நேரம் இருக்கும், எனக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுத்தார். கட்டிலிலோ சோபாவிலோ இருந்தால் முதலில் இறக்கித் தரையில் போடச் சொல்ல வேண்டும், மெத்தையில் அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும். எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து மூச்சு இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது, அது மூச்சே இல்லை. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 108-க்குப் போன் செய்யச் சொல்ல வேண்டும், பொதுவாக யாராவது போன் பண்ணுங்கள் என்றால் ஒருவரும் பண்ணமாட்டார்கள். நெஞ்சின் நடுவில், எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல் 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி அமுக்கி, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். நிமிடத்துக்கு 100-இலிருந்து 120. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும், ஏனென்றால் அமுக்குகிறவருக்குத் தன் கை ஓய்ந்துபோனது தெரியாது.

எண்ணுவதில்தான் சிக்கல் வந்தது. இருபது வரைக்கும் எப்படியோ ஓடிவிட்டேன், இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று வரும்போது வாய் பின்தங்கியது. தம்பி யோசித்துவிட்டு, பத்தோடு நிறுத்தி மறுபடி ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பியுங்கள், ஒவ்வொரு பத்துக்கும் ஒரு விரலை மடக்குங்கள், இரண்டு கை விரலும் இரண்டு தடவை மடங்கினால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம், ஆளை மாற்றச் சொல்லுங்கள் என்றார். மொபைலில் நேரம் பார்த்துக்கொண்டு என்னை எண்ணவைத்தார். முதல் தடவை மெதுவாகப் போனேன், இரண்டாவது தடவை ரயில் மாதிரி ஓடினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. நான் 26 வருஷம் சத்துணவு மையத்தில் பிள்ளைகளையும் முட்டைகளையும் எண்ணினவள் என்றேன். "அப்ப இந்த வேலைக்கு உங்களை விட்டா யாரும்மா?" என்று கேட்டார். என் முட்டி தேய்ந்த பிறகு என்னை ஒரு வேலைக்கு ஆள் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தப் பொம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன், போகும்போது அதன் கதையையும் சொன்னார். இந்த மாதிரிப் பொம்மைகளுக்கெல்லாம் மூத்தது 1960-இல் நார்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் என்பவர் செய்தது, பாரிஸ் ஆற்றில் இறந்து கிடந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தைத்தான் அதற்கு வைத்தாராம். பாவம் அந்தப் பெண், இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. அப்படிச் சொன்னவரின் பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்தார் என்பதையே பிறகுதான் செயலாளர் சொன்னார். அவர் வைத்த டீ ஜன்னல் திண்டிலேயே ஆறிக் கிடந்தது. நான்தான் கொட்டிக் கழுவினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் செய்தது அவர் சொன்னது மட்டும்தான். எனக்கு அழ நேரம் இருக்கவில்லை. வெக்காளியம்மனை ஒரு தடவை கூப்பிடலாமென்றால் எண்ணிக்கை தவறிவிடுமே என்று அதுகூட இல்லை. வண்டி வர 11 நிமிடம் ஆனது, ஐந்து தடவை ஆளை மாற்றினேன். மாடிவீட்டு சார் பிறகு சொன்னார், உங்கள் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் கை நடுங்கவில்லை, குரல் போன வேகத்துக்குக் கை போனது என்று. என் வீட்டுக்காரரின் உயிரை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தால் முதல் பத்திலேயே குரல் உடைந்திருக்கும். விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பன்னிரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் ஒரே யோசனைதான். அந்த வகுப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இளவயசுக்காரர்கள். காலை பத்து மணிக்கு நம் தெருவில் அவர்களில் எத்தனை பேர் இருப்பீர்கள்? எல்லோரும் வேலைக்கும் கல்லூரிக்கும் போயிருப்பீர்கள், அன்றைக்குச் செமஸ்டர் லீவு என்பதால் அந்தப் பெண் வீட்டில் இருந்தாள். பகலில் வீட்டில் இருப்பது நாங்கள்தான். அறுபதும் எழுபதும். ஒருவர் விழுந்தால் பக்கத்தில் இருப்பது இன்னொரு முட்டி தேய்ந்தவர்தான். நான்கு நிமிடம் ரத்தம் போகாவிட்டால் மூளை கெட ஆரம்பிக்கும் என்கிறார்கள், அந்த நான்கு நிமிடமும் எங்கள் கையில்தான் இருக்கிறது. எங்களைத்தான் முதலில் கூப்பிட்டு உட்காரவைத்திருக்க வேண்டும். தரையில் உட்கார முடியாது என்று யாரும் திரும்பிப் போகக் கூடாது. அந்தத் தம்பிக்கு இது தெரிந்திருந்தது, எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதனால் செயலாளரிடம் பேசிவிட்டேன். டாக்டர் அம்மாவும் ஒத்துக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அதே கூடத்தில் பெரியவர்களுக்கென்று ஒரு வகுப்பு. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, என்னால் நடக்க முடிகிற வரைக்கும், நான் நடத்தவைப்பேன். சமையலுக்கு வருகிறவர்கள், வாட்ச்மேன், பூக்காரம்மா, இஸ்திரி அண்ணன் மாதிரி நம் தெருவில் பகலெல்லாம் இருப்பவர்கள் எல்லோரும் வர வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் மண்டிபோட முடியாதவர்களை முக்கியமாக அழைத்து வாருங்கள், நாற்காலிகளை நான் போட்டுவைக்கிறேன்.

தம்பி, இது எப்படியாவது உங்கள் கைக்கு வந்தால் நீங்களும் வாருங்கள். உங்கள் பெயரைக் கேட்க வேண்டும், அவரை உங்களுக்குக் காட்ட வேண்டும். இந்தத் தடவை டீயை ஆறவிடமாட்டேன்.