தொழிற்சாலை வாயிலுக்கு வெளியே இருக்கும் வேலைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாகன உற்பத்தித் தொழில் தரும் வேலைவாய்ப்பு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உதிரிபாகப் பட்டறை ஒன்றில் 22 ஆண்டுகள் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் எண்ணி, இத்தொழில் இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்று கணக்கை முடித்துவிடுவது சரியாகாது.

திருகாணி வரை பிரித்து எண்ணினால், ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வெளிப் பட்டறைகளில்தான் உருவாகின்றன. ஒரு கியர் சக்கரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃகு ஆலையிலிருந்து கிளம்பும் இரும்பு, ஓரிடத்தில் அடித்து உருவாக்கப்பட்டு, எங்களிடம் பல் வெட்டப்பட்டு, வேறோரிடத்தில் சூட்டில் பதப்படுத்தப்பட்டு, மீண்டும் எங்களிடம் கிரைண்டிங்கிற்கு வரும். மைக்ரோமீட்டர் என்னும் அளவுகருவியில் வைத்துப் பார்க்கும்போது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகியிருந்தாலும் அதை ஒதுக்கிவிடுவோம். அந்தச் சக்கரத்தைத் தொட்ட ஒருவர் பெயர்கூடக் கார் நிறுவனத்தின் பதிவேட்டில் இராது.

இப்பட்டறைகளின் அருமையை ஜப்பான் ஒருமுறை கண்கூடாகக் கண்டது. 1997 பிப்ரவரி 1 அன்று, டொயோட்டாவுக்கு பிரேக் வால்வு செய்துகொடுத்த ஐசின் ஆலை தீப்பிடித்தபோது, கையிருப்பு சில மணி நேரத்துக்கே போதுமானதாக இருந்ததால், உள்நாட்டில் டொயோட்டாவின் உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் நின்றுபோனது. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம் உட்படப் பலர் வரைபடத்தை வாங்கி, தங்களிடம் இருந்த இயந்திரங்களிலேயே அந்த வால்வைச் செய்து கொடுத்ததால்தான் சில நாட்களில் வேலை மீண்டும் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஃபோர்டு, ஹோல்டன் ஆகிய கார் நிறுவனங்கள் அங்குள்ள தங்கள் ஆலைகளை மூடுவதென 2013-இல் அறிவித்தன. எஞ்சியிருந்த டொயோட்டாவும் அடுத்த ஆண்டே அதே முடிவுக்கு வந்தது. 2017 அக்டோபருடன் அங்கு பெருமளவிலான கார் உற்பத்தியே முடிந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி உதிரிபாகப் பட்டறைகள் பிழைக்க முடியாது. பட்டறைகள் இல்லாமல் அந்த வாடிக்கையாளராலும் நிற்க முடியாது.

மின்சார வாகனங்கள் வரட்டும், காற்று சுத்தமாகட்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவற்றில் எஞ்சினுக்கான பிஸ்டன், வால்வு, சைலன்சர் எதுவும் கிடையாது. பேட்டரி ஆலைக்கு நிலமும் வரிச்சலுகையும் தரும் அரசுகள், பிஸ்டன் கடைந்தே வாழ்ந்தவர்களுக்கு என்ன செய்யப்போகின்றன? மின்மோட்டாரின் தண்டையும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல்தான் கடைய வேண்டும். அந்தக் கைப்பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிய இயந்திரம் வாங்கச் சிறு பட்டறைகளுக்குக் குறைந்த வட்டிக் கடனும், புது வேலை பழகும் மாதங்களில் தொழிலாளிக்குக் குறையாத சம்பளமும் அச்சலுகைகளோடு சேர்த்தே அறிவிக்கப்பட வேண்டும். அடுத்த கட்டுரைக்குத் தங்கள் நிருபர் அப்பட்டறைகளுக்கும் சென்றுவர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரப் பரிசோதகர் ஒருவர்